புள்ளிகளின் வழியே: ஜாவா நாட்குறிப்பு

ஜூன் 3

இரவல் நூல்களைக் கணக்கு வைக்கும் ஜாவா என்னும் நிரல்மொழியில் எழுதிய நிரல் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரவல் என்னும் கிளாஸுக்குள் (தரவையும் செயல்களையும் சேர்த்து வரையறுக்கும் அச்சு) உறுப்பினர், உறுப்பினருக்குள் முகவரி, முகவரிக்குள் நகரத்தின் பெயர் என அடுக்கு நீள்கிறது. மாணவ உறுப்பினர் மட்டும் எக்ஸ்டெண்ட்ஸ் என்னும் சொல் வழியாக உறுப்பினரிடமிருந்து மரபுரிமை பெறுகிறது, அதாவது அதன் பண்புகளைத் தனதாக்கிக்கொள்கிறது. இவ்விரு உறவுகளையும் பிரித்தறிய வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தாலே போதும்: ‘மாணவ உறுப்பினர் ஓர் உறுப்பினர்’ என்பது பொருந்துகிறது, ‘இரவல் ஓர் உறுப்பினர்’ என்பது நகைப்புக்கிடமாகிறது.

ஜூன் 4

‘உள்ளே’ என்று சொல்வது வழக்கமே தவிர, ஃபீல்டில், அதாவது தரவு வைக்கும் இடத்தில், இருப்பது கிளாஸின்படி உருவான பொருளாகிய ஆப்ஜெக்டைச் சுட்டும் ரெஃபரன்ஸ் மட்டுமே. ஒரே வீட்டில் வாழும் இருவருக்கு ஒரே முகவரி ஆப்ஜெக்டைக் கொடுத்துவிட்டு, ஒருவர் இடம் மாறியதும் அதன் மதிப்பை மாற்றும் செட்டரை அழைத்தால், மற்றவரும் சொல்லாமல் கொள்ளாமல் குடிபெயர்ந்துவிடுகிறார். 2021இல் ஜாவா 16 நிலைப்படுத்திய ரெக்கார்டாக (தரவைச் சுமப்பதற்கென்றே அமைந்த கிளாஸ் வகை) முகவரியை எழுதினால் அதன் ஃபீல்டுகளை மாற்ற இயலாது. இடம் மாறுபவருக்குப் புதிய ஆப்ஜெக்டையே உருவாக்கித் தரவேண்டும். எனக்கு இதுவே சரியெனப் படுகிறது.

ஜூன் 7

இரவல்.உறுப்பினர்().முகவரி().நகரம்() என்னும் சங்கிலியில், ஒவ்வொரு புள்ளிக்கும் இடப்புறம் கிடைப்பது எந்த வகை என்று அறிந்தால்தான் வலப்புறம் எதை அழைக்கலாம் என்பது தெரியும். இடையில் ஒன்று ‘நல்’ (எந்த ஆப்ஜெக்டையும் சுட்டாத நிலை) ஆனால் நல்பாயின்டர் எக்செப்ஷன் என்னும் பிழை எழும். பழைய பதிப்புகள் வரியெண்ணோடு நின்றுவிடும். எந்த அழைப்பு ‘நல்’ தந்தது என்பதை விளக்கும் செய்தி 2020இல் ஜாவா 14உடன் வந்து, ஜாவா 15 முதல் இயல்பாகவே கிடைக்கிறது.

ஜூன் 9

நகரத்தின் பெயர் மட்டுமே வேண்டிய அறிவிப்பு கிளாஸ், மூன்று கிளாஸ்களின் அமைப்பையும் அறிந்திருக்க வேண்டியிருப்பதுதான் உண்மையான சிக்கல். 1987இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான டெமிட்டர் விதி, அண்டையிலுள்ள ஆப்ஜெக்டிடம் மட்டுமே பேசச் சொல்கிறது. அதன்படி இரவல் உறுப்பினரைக் கேட்கும், உறுப்பினர் முகவரியைக் கேட்கும், அறிவிப்போ இரவலை மட்டும் கேட்கும். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் இப்படி இடைநிலை மெத்தட் (அழைத்தால் இயங்கும் செயல்) எழுதினால் கிளாஸ்கள் வீங்கிவிடும் என்பதும் மெய்தான். தரவை மட்டும் சுமக்கும் ரெக்கார்டுகள் என்றால் விதியைத் தளர்த்தி, ஜாவா 21இன் ரெக்கார்டு பேட்டர்னைக் கொண்டு அடுக்கை ஒரே வரியில் பிரித்தெடுக்கலாம். உறுப்பினருக்கு அந்த வசதி இல்லை: ரெக்கார்டை எக்ஸ்டெண்ட் செய்ய முடியாது, மாணவ உறுப்பினரோ உறுப்பினரிலிருந்துதான் பிறக்கிறது. ஆகவே அங்கே மெத்தட்டையே எழுதினேன்.