38 வயதில் பத்தாம் வகுப்பு: செய்முறைப் பதிவை மட்டும் கோட்டை விட்டுவிடாதீர்கள்

ஒருவழியாகப் பத்தாவது பாஸ். நேரடித் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமல் நேராகப் பரீட்சை எழுதுபவராக, தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில், தமிழ் வழியில். சந்தோஷம்தான். ஆனால் இதற்காக ஒரு வருடம் சும்மா போனதே, அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. அடுத்து எழுதப் போகிறவர்களாவது தப்பிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஏசி மெக்கானிக். கை வேலை தெரியும், எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கத்தாரில் ஒரு வேலை கைக்கு வந்த நேரத்தில் ஏஜென்ட் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு "ஈசிஆர் ஆச்சே" என்று உதட்டைப் பிதுக்கினார். பத்தாவது பாஸ் ஆகாதவர்களுக்கு விழுகிற 'குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை' என்ற முத்திரை அது. சவுதி, குவைத், கத்தார், மலேசியா என்று 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் அரசிடம் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். வாங்க முடியாதது இல்லை, ஆனால் அதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் போய்விடுவான். வருமான வரி கட்டுபவர்களுக்கும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கும் விலக்கு உண்டு. நான் இரண்டிலும் இல்லை.

சரி, எழுதிவிடுவோம் என்று அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்குப் போனேன். எந்த ஊர் மையம் என்று சொல்லப் போவதில்லை. கவுன்டரில் இருந்தவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இன்னும் அப்ளிகேஷன் ஆரம்பிக்கல, பேப்பர்ல அறிவிப்பு வரும், அப்போ வாங்க" என்றார். நானும் தினமும் டீக்கடையில் பேப்பரைப் புரட்டி, அறிவிப்பு வந்த மறுநாளே லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். இந்த முறை வேறு ஒருவர். கேட்ட முதல் கேள்வி: "செய்முறைப் பயிற்சிக்குப் பதிஞ்ச ரசீது எங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னார். நேரடித் தனித்தேர்வர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே தனியாகப் பதிவு செய்து, ஒதுக்கும் பள்ளியில் வகுப்புக்குப் போய், 80 சதவீத வருகையும் காட்ட வேண்டும். அப்போதுதான் பரீட்சையே எழுத விடுவார்கள். அந்தப் பதிவு மாதக்கணக்கில் முன்பே முடிந்துவிட்டது, அதுவும் இந்த கவுன்டரில் இல்லை, மாவட்டக் கல்வி அலுவலகத்தில். "போன தடவை வந்தப்ப ஏன் சார் இதச் சொல்லல?" என்று கேட்டதற்கு, "நான் அப்போ இங்க இல்லையே" என்றார். கூடுதலாகப் பணம் கட்டி தக்கலில் போட முடியுமா என்றும் கெஞ்சிப் பார்த்தேன். தக்கல் என்பது விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டவர்களுக்குத்தான், செய்முறைக்கு இல்லை என்று கையை விரித்துவிட்டார். ஒரு வருடம் அம்பேல்.

ஆகவே முதல் பாடம் இது. 'தேர்வு விண்ணப்பம் எப்போது?' என்று கேட்காதீர்கள், 'செய்முறைப் பயிற்சிப் பதிவு எப்போது?' என்று கேளுங்கள். தேர்வுத்துறையின் இணையதளத்தை மாதம் ஒருமுறையாவது நீங்களே திறந்து பாருங்கள். அடுத்தவர் சொல்வார் என்று காத்திருந்தால் என் கதிதான். செய்முறைப் பதிவுக்கான விண்ணப்பத்தை இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தலைவலி, பழைய பள்ளிக் காகிதம். எல்லோரும் டிசி, டிசி என்கிறார்கள். நடுநிலைப் பள்ளியோடு நின்றவர்களுக்குக் கிடைப்பது பதிவுத்தாள், டிசி இல்லை. ஒரு குமாஸ்தாவுக்கு இந்த வித்தியாசமே தெரியவில்லை, "டிசி இல்லாம வாங்க முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். என் பதிவுத்தாளோ எப்போதோ கரையானுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, நான் படித்த பள்ளியையும் மூடிவிட்டார்கள். பதிவேடுகள் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இருப்பதைச் சொன்னவர் எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். கூடவே வந்து, சேர்க்கைப் பதிவேட்டில் தூசியைத் தட்டி என் பெயரைக் கண்டுபிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். அவர் இல்லையென்றால் இன்னொரு வருடமும் போயிருக்கும்.

இடையில், பரீட்சையே எழுதாமல் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று போஸ்டர் ஒட்டியிருப்பவர்களிடமும் விசாரித்தேன். பெயரே கேள்விப்படாத ஏதோ ஒரு போர்டு. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள், பணமும் போகும், பாஸ்போர்ட் விஷயத்தில் சிக்கலும் வரும். கணக்கும் அறிவியலும் சுத்தமாக வராது என்பவர்களுக்கு முறையான வழியே இருக்கிறது, தேசியத் திறந்தநிலைப் பள்ளி. ஒரு மொழியோடு சேர்த்து ஐந்து பாடம் எடுத்தால் போதும், கணக்கு கட்டாயமில்லை. பாஸ் மார்க் 33. எனக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் புத்தகம் சும்மா கிடைத்ததால் மாநிலப் பாடத்திட்டத்திலேயே இருந்துவிட்டேன்.

செய்முறை வகுப்பு மட்டும் உண்மையிலேயே நன்றாக இருந்தது. மயில்துத்தத்தைச் சோதனைக்குழாயில் போட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினால் நீலம் மெல்ல வெளுத்துப் பொடியாகும், குழாயின் வாயோரம் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். அந்த உப்புக்குள் இருந்த தண்ணீர்தான் அது என்று டீச்சர் சொன்னபோது, தினமும் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரோடு மல்லுக்கட்டுகிற எனக்கே ஆச்சரியம். குவிலென்சை வைத்து ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வேப்பமரத்தைத் திரையில் தலைகீழாக விழ வைப்பதும் அப்படித்தான். ரெக்கார்டு நோட்டை அன்றன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அறிவியலில் செய்முறைக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75. பாஸாக செய்முறையில் 15-ம் எழுத்தில் 20-ம் தனித்தனியாக வேண்டும்.

தேர்வு விண்ணப்பம் பதியும்போது கவனம். தட்டச்சு செய்த பையன் என் தலைப்பெழுத்தைத் தமிழில் ஒன்றாகவும் ஆங்கிலத்தில் வேறாகவும் போட்டுவிட்டான். 'சமர்ப்பி'யை அமுக்கப் போனவனை நிறுத்தி, திரையைத் திருப்பச் சொல்லிப் பார்த்ததால் தப்பித்தேன். பின்னால் ஆள் நிற்கிறார்கள் என்று அவன் சலித்துக்கொண்டான், சலித்துக்கொள்ளட்டும். மதிப்பெண் சான்றிதழில் அதே எழுத்துதான் அச்சாகும், அப்புறம் திருத்துவது பெரும்பாடு.

கணக்குக்கு பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. 14 ஒரு மதிப்பெண் வினா, அதோடு கடைசியில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. மொத்தம் 30 ஆகிவிட்டது. இரண்டு மதிப்பெண் கேள்விகளில் ஒரு மூன்றைச் சரியாகப் போட்டால் 35-ஐத் தாண்டியாயிற்று. தொடுகோடு வரைவதையும் முக்கோணம் வரைவதையும் ராத்திரி ராத்திரியாகப் போட்டுப் பழகினேன், குழாய்க்கு அளவு குறித்துக் குறித்துப் பழகிய கைக்கு அது சுலபமாகவே வந்தது. கணக்கில் 52. மகள் என்னைவிட அதிகமாகக் குதித்தாள். இங்கிலீஷ்தான் உயிரை வாங்கியது, 37-ல் தப்பினேன். இன்னொன்று, மூன்று மணி நேரம் விடாமல் எழுதிப் பழகிவிட்டுப் போங்கள். முதல் நாள் தமிழ்த் தேர்வில் பாதியிலேயே விரல் மரத்துப்போய் கட்டுரையைச் சுருக்கித்தான் எழுத முடிந்தது.

ஹால் டிக்கெட், ரிசல்ட் எல்லாம் இணையத்திலேயே வந்துவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது ஈசிஆரை நீக்கச் சொல்லி பாஸ்போர்ட் மறுவெளியீட்டுக்குப் போட்டிருக்கிறேன். அசல் மதிப்பெண் சான்றிதழைக் கொண்டுபோனேன், ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். போலீஸ் விசாரணை பாக்கி. கத்தார் வேலை எப்போதோ கைமாறிப் போய்விட்டது, ஏஜென்ட் இப்போது ஓமானில் ஒன்று இருக்கிறது என்கிறார், பார்ப்போம்.