கோண்டோரின் கறுப்பு நாற்காலி

டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் வரும் கற்பனை நாடு கோண்டோர். அதன் தலைநகர் மினாஸ் திரித்தின் மண்டபத்தில் பல படிகள் ஏறினால் அரியணை. காலியாகக் கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் கீழே உள்ள அகலமான படியில் அலங்காரம் எதுவுமில்லாத கறுப்புக் கல் நாற்காலி ஒன்று. நாட்டை ஆளும் ஸ்டூவர்ட் டெனதோர் உட்கார்வது அதில்தான். நாவலைப் படித்தவர்களுக்கு அவருடைய சிதை நினைவிருக்கும். அந்த நாற்காலியின் உயரத்தைக் கவனித்தவர்கள் குறைவு.

ஸ்டூவர்ட் என்றால் நம் பேச்சில் காரியஸ்தர். கோண்டோரில் அரசருக்குக் கீழே இருந்த பதவி அது. பெலண்டூர் என்ற காரியஸ்தரின் காலத்துக்குப் பிறகு தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் பரம்பரைப் பதவியானது. கதையின் ஆண்டுக் கணக்கில் மூன்றாம் யுகம் 2050இல், எதிரியான சூனிய மன்னனின் சவாலை ஏற்று, சிறு பரிவாரத்தோடு அவனுடைய கோட்டை மினாஸ் மோர்குலுக்குப் போன அரசன் எயர்னூர் திரும்பவேயில்லை. பிள்ளையும் இல்லை. செத்ததற்கும் சாட்சி இல்லை.

டோல்கீனின் கெட்டிக்காரத்தனம் இந்த இடத்தில்தான். சடலம் கிடைத்திருந்தால் மறுநாளே வாரிசுச் சண்டை தொடங்கியிருக்கும். 1432 முதல் 1448 வரை நடந்த பங்காளிச் சண்டையில் நாடு பட்ட பாடு யாருக்கும் மறக்கவில்லை. எல்லாரும் ஒப்புக்கொள்ளும் வாரிசும் இல்லை. அதனால் காரியஸ்தர் மார்டிலே ஆளட்டும் என்று விட்டார்கள். அப்படித் தொடங்கியது 3019 வரை, 969 வருஷம், 26 பேர் கையில் ஓடியது.

பதவியேற்கும் ஒவ்வொருவரும் அரசன் வரும்வரை அவன் பெயரில் ஆள்வதாகச் சத்தியம் செய்வார். சீக்கிரமே அது வெறும் சடங்காகிவிட்டது. அதிகாரத்தில் அரசனுக்குக் குறைவே இல்லை: மார்டில் காலண்டரையே திருத்தினார், 2510இல் கிரியன் என்ற காரியஸ்தர் ஒரு மாகாணத்தையே குதிரைவீரர் தலைவன் எயோர்லுக்குத் தூக்கிக் கொடுத்தார், அதுதான் ரோஹன் நாடு. ஆனால் முடி கிடையாது, செங்கோல் கிடையாது. கையில் ஒரு வெள்ளைக் கோல் மட்டும். அரசனின் கறுப்புக் கொடியில் வெள்ளை மரமும் ஏழு நட்சத்திரங்களும் இருக்கும். காரியஸ்தரின் கொடி வெறும் வெள்ளை. இப்படி ஒரு பாத்திரத்தை எழுத நினைப்பவர்கள் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, அவர் எதைத் தொடக்கூடாது என்பதைத்தான்.

எத்தனை நூறு வருஷம் ஆனால் காரியஸ்தர் அரசனாகலாம் என்று டெனதோரின் மூத்த மகன், சிறுவன் பொரோமிர் கேட்கிறான். வேறு சின்ன நாடுகளில் கொஞ்ச வருஷம் போதும், கோண்டோரில் பத்தாயிரம் வருஷமும் போதாது என்கிறார் டெனதோர். இவ்வளவு தெரிந்தவர், உண்மையான வாரிசு வரும்போது ஏன் முறுக்கிக்கொள்கிறார்?

விதை மூன்றாம் யுகம் 1944இல் விழுந்தது. அரசன் ஒன்டோஹரும் இரண்டு மகன்களும் போரில் இறந்தபோது, கோண்டோரை நிறுவிய சகோதரர்களில் மூத்தவரான இசில்டூரின் வழிவந்த ஆர்வெடுய் முடியைக் கேட்டார். ஒன்டோஹரின் மகளைக் கட்டியவரும் அவரே. இளையவரான அனாரியனின் வம்சத்துக்கே உரிமை என்று மறுத்ததில் பெரிய பங்கு அன்றைய காரியஸ்தர் பெலண்டூருக்கு. முடி எயர்னிலுக்குப் போனது. அவர் மகன்தான் காணாமல்போன எயர்னூர். இரண்டே அரசர்களில் தீர்ந்துபோன ஒரு தீர்ப்பை ஆயிரம் வருஷம் கழித்தும் பிடித்துக்கொண்டு, இசில்டூரின் கந்தலான குடும்பத்துக்கு வணங்கமாட்டேன் என்கிறார் டெனதோர். வரப்போகிறவர் ஆர்வெடுயின் வழித்தோன்றல், ஆரகார்ன்.

நமக்கு உடனே பரதன் ஞாபகம் வரும். அவனும் அரியணையில் உட்காரவில்லை, பாதுகையை வைத்தான். ஆனால் அவனுக்குப் பதினான்கு வருஷம் என்று கெடு இருந்தது. அண்ணன் வரவில்லையே என்று தீ மூட்டினான்; கம்பனின் அனுமன் ஓடிவந்து கையாலேயே அதை அணைத்தான். டெனதோரோ வருகிறான் என்று தெரிந்தே தீயில் இறங்குகிறார். அதற்கு முன் வெள்ளைக் கோலை முழங்காலில் வைத்து முறித்துவிடுகிறார்.

ஆரகார்னின் முடிசூட்டு நாளில் டெனதோரின் இளைய மகன் ஃபராமிர் ஒரு வெள்ளைக் கோலை நீட்டுகிறான். பதவியை ஒப்படைக்க அனுமதி கேட்கிறான். ஆரகார்ன் வாங்கி, தன் வம்சம் இருக்கும்வரை இது உன் வம்சத்துக்கே என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறான். பிறகு, காரியஸ்தரின் அதிகாரத்தைக் கடைசியாக ஒருமுறை எடுத்து, எயர்னூரின் முடியைக் கல்லறைத் தெருவிலிருந்து கொண்டுவருவதும் ஃபராமிர்தான்.