கொடிமலையில் ஒரு பின்கட்டு

கோலாலம்பூரில் இரண்டே பருவம்தான்: மழையோடு வெக்கை, மழையில்லாத வெக்கை. செந்தூல் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்த எங்களுக்குக் குளிர் என்றால் பினாங்குக் கொடிமலைதான். பள்ளி விடுமுறை விட்ட அன்றே அம்மா ஸ்வெட்டர் மூட்டையை அவிழ்த்துவிடுவார். அந்துருண்டை நாற்றம் வீடு முழுக்கப் பரவும். எனக்கு விடுமுறையின் வாசனை அதுதான்.

தாத்தா மலைமேல் ஒரு பங்களாவில் தோட்டக்காரர். பாட்டிக்கு அங்கேயே சமையலறையில் எடுபிடி வேலை. பங்களாவின் சொந்தக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். தாத்தா வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு வெள்ளைக்காரத் துரை; சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு கம்பெனி; அப்புறம் இன்னொரு கம்பெனி. பின்கட்டில் இருந்த இரண்டு அறையும் அடுப்படியும் மட்டும் கை மாறவே இல்லை. தாத்தாவுக்குப் பிறகு சித்தப்பா அதே வேலைக்கு வந்தார். பத்திரமும் பட்டாவும் இல்லாமலே அது எங்கள் விடுமுறை வீடாக இருந்தது. கெடா மாநிலத் தோட்டங்களிலிருந்து வரும் பெரியப்பா பிள்ளைகளையும் சேர்த்தால் தரையில் பாய் போட இடம் இருக்காது.

மலையேறுவது அப்போது முழு நாள் வேலை. அப்பா ரயில்வே என்பதால் பாஸ் உண்டு. இரவு ரயிலேறி விடியும்போது பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரி. தீவுக்குப் போகும்போதுதான் காசு, திரும்பும்போது சும்மா. “போறவனுக்குத்தான் ஆசை, அவன்கிட்டதான் வாங்கணும்” என்பார் அப்பா. 1985-ல் பாலம் திறந்த பிறகும் நாங்கள் ஃபெர்ரியை விடவில்லை. அந்தப் பழைய இரட்டை அடுக்குப் படகுகள் 2020 கடைசி நாளோடு ஓய்வு பெற்றன. இப்போது ஓடுபவை சின்னவை, சுத்தமானவை, எனக்கு ஒட்டாதவை. ஜெட்டியிலிருந்து பஸ் பிடித்து, ஆயர் ஈத்தாமில் இறங்கி, சந்தைப் பக்கம் அசாம் லக்சா என்ற புளிப்பு மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு இன்னொரு பஸ். எங்களை அழைக்கக் கீழே வரும் பாட்டிக்கு லக்சா வாடை ஆகாது. கைப்பையை அணைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார்.

பிறகு மலை ரயில். 1923-ல் ஓடத் தொடங்கி, 1924 ஜனவரி முதல் நாள் முறைப்படி திறக்கப்பட்ட பாதை அது. அதற்கு முன் துரைமார்கள் குதிரையிலோ டோலியிலோ மேலே போனார்கள், டோலி தூக்கியவர்கள் கூலிக்காரர்கள். உச்சியில் இருக்கும் அருளொளித் திருமுருகன் ஆலயம் டோலி தூக்கியவர்களும் சிப்பாய்களும் கும்பிட்ட சின்னச் சன்னதியாகத்தான் தொடங்கியது என்று சொல்வார்கள். எங்கள் தாத்தா இதை யாருக்குச் சொன்னாலும், “நம்ம ஆளு தூக்கிட்டுப் போய் இறக்குன எடத்துல முருகன் உட்கார்ந்துட்டாரு” என்றுதான் முடிப்பார்.

பழைய ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், அது அவசரமே படாது. பாதி வழியில் இறங்கி வண்டி மாற வேண்டும். ஒரே கம்பிவடத்தின் இரு முனையில் இரண்டு பெட்டிகள். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும், ஒன்று நின்றால் மற்றதும் நின்றாக வேண்டும். ஆகவே கிளேர்மாண்ட் நிறுத்தத்தில் யாரோ ஒரு அம்மா காய்கறிக் கூடையோடு மெதுவாக இறங்கினால், நாங்கள் நடுக்காட்டில் தொங்கிக்கொண்டு நிற்போம். பெரியவர்கள் அலுத்துக்கொள்வார்கள். எங்களுக்கோ அதுதான் கொண்டாட்டம்: கையெட்டும் தூரத்தில் பெரணி, பாறையில் வழியும் தண்ணீர், எங்கோ கத்தும் லங்கூர் குரங்கு. சுரங்கத்தைத் தாண்டியதும் காற்றே வேறாகிவிடும். ஒவ்வொருவராக ஸ்வெட்டருக்குள் தலையை நுழைப்போம்.

பின்கட்டுக்கென்று சில சட்டங்கள். தீப்பெட்டி அரிசி டின்னுக்குள்தான் இருக்கும். வெளியே வைத்தால் பனியில் நமத்து, குச்சி உரசவே உரசாது. துணி வெயிலில் காயும் என்று நம்பக்கூடாது. அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் காயப்போட்டு, புகை வாசத்தோடு உடுத்திக்கொள்ள வேண்டும். தோல் செருப்பை ஒரு வாரம் மூலையில் விட்டால் பச்சையாகப் பூத்துவிடும். ஜன்னலைத் திறந்துவைத்தால் குரங்கு உள்ளே வரும். ஒரு முறை பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிப்போய் மரத்தின் மேல் உட்கார்ந்து ஒவ்வொரு வெற்றிலையாகக் கிழித்துப்போட்டது. பாட்டி கீழே நின்று அதைக் கெடாத் தமிழில் திட்டியது இன்றைக்கும் குடும்பத்தில் பேச்சு.

முன்பக்கத்து வராந்தா மட்டும் எங்களுக்குக் கிடையாது. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் தெரியும். பங்களா காலியாக இருக்கும் நாளில்கூடத் தாத்தா அங்கே உட்கார மாட்டார். கதவின் பித்தளைக் கைப்பிடிகளை பிராசோ போட்டுத் தேய்ப்பார், பிரம்பு நாற்காலிகளைத் துடைப்பார், ஹைட்ரேஞ்சியாப் பூக்களை வெட்டி ஜாடியில் வைப்பார், வந்துவிடுவார். வேலியோரத்தில் நின்றுதான் நாங்கள் ஜார்ஜ் டவுன் விளக்குகளைப் பார்த்தோம். அப்பா சிறுவனாகப் பார்த்தபோது துறைமுகமும் கப்பல்களும்தான் அடையாளம். எங்கள் காலத்தில் கொம்தார் கட்டடம் எழும்பியது, முதல் பாலம் கடலில் விளக்குக் கோடு போட்டது. 2014-ல் தெற்கே இரண்டாவது பாலம், 24 கிலோமீட்டர்.

2010 பிப்ரவரியில் பழைய ரயில் நின்றது. 2011-ல் வந்த சுவிஸ் பெட்டிகள் நடுவில் மாறாமல் சில நிமிடங்களில் நேராக மேலே கொண்டுபோய் விடுகின்றன. பழையது போயிற்றே என்று புலம்புகிறவர்களில் நானும் ஒருவன், ஆனால் முட்டி வலியுள்ள அத்தையை அழைத்துப்போனபோது புதியதுதான் தேவலை என்று தோன்றியது. சித்தப்பாவும் அந்தச் சமயத்தில் வேலையை விட்டார். சாவியைக் கம்பெனியில் ஒப்படைத்துவிட்டுக் கீழே வந்தவர், ஆயர் ஈத்தாமில் வீடு பார்த்துக்கொண்டார். வெக்கையைத்தான் இன்னும் அவரால் தாங்க முடியவில்லை. பகலிலும் மின்விசிறிக்கு அடியிலேயே இருப்பார்.

போன விடுமுறையில் ஒரு மாறுதலுக்கு மலைமேல் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்தோம். எங்கள் பங்களா இல்லை, வேறொன்று. கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் ரயிலில் நாலு மணி நேரம்தான். என் மகளுக்கு அதுவே நீளம். மலை ரயிலுக்குக் கூட்டம் தெருவரைக்கும் நின்றது. பள்ளி விடுமுறையில் போவதானால் விடிகாலையிலேயே கீழ் நிலையத்தில் இருங்கள், மைகார்டை, அதாவது மலேசிய அடையாள அட்டையை, மறக்காதீர்கள், உள்ளூர் விலை அதைக் காட்டினால்தான். நடக்கக்கூடியவர்கள் தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் பாதையில் ஏறலாம்; செங்குத்து, முட்டி பேசும்.

மறுநாள் பழைய இடத்துக்கு நடந்தோம். காவலுக்கு இருந்த பங்களாதேஷ் பையன் மலாயில் விசாரித்துவிட்டு உள்ளே விட்டான். பின்கட்டில் இப்போது அவன்தான் இருக்கிறான். அத்தை நேரே அடுப்படிக்குப் போய், கம்பி இருந்த ஆணிகளைத் தடவிப் பார்த்தார். பிறகு அவனிடம், “மான்சிஸ் டி மானா?” (தீப்பெட்டி எங்கே?) என்று கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே அரிசி டின்னைத் திறந்தான். உள்ளே தீப்பெட்டி!

வாடகைப் பங்களாவில் வராந்தா எங்களுடையது. என் மகள் முதல் நாளே பிரம்பு நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். அத்தை நின்றுகொண்டே இருந்தார்.

“ஏன் பாட்டி நிக்கிறீங்க, உட்காருங்களேன்?”

“வாடகை எவ்வளவுன்னு உங்கப்பனைக் கேளு, அப்புறம் உட்கார்றேன்.”

சொன்னேன். சட்டென்று உட்கார்ந்தார். “அப்போ ராத்திரி வரைக்கும் எந்திரிக்க மாட்டேன், டீ இங்கயே வரட்டும்” என்றார். டீ போடப் போனது நான்தான்.

டிசம்பருக்கும் அதே பங்களாவைக் கேட்டிருக்கிறோம். பத்துப் பேருக்கு மேல் கூடாது என்கிறார் வாடகைக்கு விடுபவர். குடும்ப வாட்ஸ்அப்பில் கையைத் தூக்கியவர்கள் அதைவிட ரொம்ப அதிகம். பின்னால் ரூம் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்கிறார் அத்தை.