காதில் கேட்டதைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பிக்கப் வண்டி நிற்காத தெருவைப் பார்ப்பது அரிது. எண்ணெய் வயலுக்குப் போகிறவர், கோதுமை பயிரிடுகிறவர், தச்சு வேலை செய்கிறவர், பிள்ளைகளை ஹாக்கிப் பயிற்சிக்கு அழைத்துப் போகும் தாய் என்று எல்லோரும் அதைத்தான் ஓட்டுகிறார்கள். நம் ஊர்க் குட்டி யானையை மனத்தில் வைத்துக்கொண்டு அதைக் கற்பனை செய்யக் கூடாது. பலவற்றில் எட்டு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், ஐந்து பேர் தாராளமாக உட்காரும் கேபின், பின்னால் படகையோ குதிரை டிரெய்லரையோ இழுக்கும் கொக்கி. அப்படிப்பட்ட வண்டிகளை விற்கும் ஒரு டீலரின் சர்வீஸ் பிரிவில் நான் மெக்கானிக். என்ஜினில் என்ன பழுது என்று கண்டுபிடிப்பது என் முதல் வேலை; அதைச் சரிசெய்வது அடுத்த வேலை.

சொந்த ஊர் வேலூர். மாவட்டம் 1989இல் ஒருமுறை பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. என் அப்பா மட்டும் இன்றைக்கும் யார் கேட்டாலும் வடஆற்காடு என்றுதான் ஊர் சொல்கிறார். ஐ.டி.ஐ. முடித்த கையோடு சத்துவாச்சாரியில் ஒரு பாயின் பட்டறையில் சேர்ந்தேன். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை பக்கத்திலேயே போவதால் லாரி, வேன், பிக்கப் எதற்கும் பஞ்சமில்லை. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் பாயிடம் கிடையாது. நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்று உண்டு. அதன் முனையை என்ஜின் மீது ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். டேப்பெட் சத்தமா, பேரிங் சத்தமா, நாசில் தட்டுகிறதா என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க விடுவார். அந்தக் காது எனக்குக் கிடைத்த சொத்து. அது இல்லாமல் கனடாவில் நான் இந்த அளவுக்கு வந்திருக்க முடியாது.

ஆனால் அது மட்டும் அங்கே செல்லாது. வண்டிக்காரர் சர்வீஸ் ஆலோசகரிடம் குறை சொல்வார். அவர் ஒரு வரி எழுதித் தாளை என்னிடம் அனுப்புவார்: 'காலையில் சத்தம் வருகிறது.' பெரும்பாலும் வண்டிக்காரரின் முகத்தைக்கூட நான் பார்ப்பதில்லை. நான் எழுத வேண்டியவை மூன்று: குறை என்ன, காரணம் என்ன, செய்த வேலை என்ன. நடுவில் இருக்கும் காரணம்தான் உயிர். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டி என்றால் செலவைத் தயாரிப்பாளர்தான் தர வேண்டும். சோதனை செய்த அளவுகள் தாளில் இல்லையென்றால் பணத்தை மறுத்துவிடலாம். கழற்றிய பாகத்தை அனுப்பச் சொல்லிப் பிரித்தும் பார்ப்பார்கள். வேலூரில் பிறந்தவனுக்கு இது புரியாத விஷயம் அல்ல. சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் வங்காளத்திலிருந்து வந்து நிற்கிறவர்களின் கையில் மருந்துக்கு முன்னால் பரிசோதனைச் சீட்டுதானே இருக்கும்!

கூலி முறையும் புதிது. மணிக்கணக்கு உண்டு; ஆனால் அது கடிகார மணி அல்ல, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று குறித்துவைத்திருக்கும் புத்தகத்தின் மணி. ஒரு வேலைக்கு எட்டு மணி நேரம் என்று புத்தகம் சொன்னால் ஆறு மணியில் முடித்தாலும் எட்டு மணிக்கான கூலி. பன்னிரண்டு மணி ஆனாலும் அதே எட்டுதான். உத்தரவாத வேலைக்கு அந்த நேரமும் குறையும். பழுதைத் தேடும் நேரத்துக்கு இன்னும் குறைவாகத் தருவார்கள். இதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. யோசிக்கிறவனுக்குக் கூலி குறைவு, பாகத்தைக் கழற்றி மாட்டுகிறவனுக்குக் கூலி அதிகம் என்றால் இளம் மெக்கானிக் எதைக் கற்றுக்கொள்வான்? ஸ்கேனரில் பழுதுக் குறியீடு (கோடு) வந்ததும் சென்சாரை மாற்றுவான். மறு வாரம் அதே வண்டி திரும்பி வரும். நஷ்டம் வண்டிக்காரருக்கும் தொழிலுக்கும்தான்.

இன்னொன்றும் ஊரில் யாரும் சொல்வதில்லை. கருவிகளை நாம்தான் வாங்க வேண்டும். பாயின் பட்டறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு இரும்புப் பெட்டி. கனடாவில் ஒவ்வொருவனும் தன் பெட்டியோடு வேலைக்கு வருகிறான். கருவி விற்கும் வேன் பட்டறை வாசலுக்கே வந்து தவணைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. முதல் இரண்டு குளிர்காலங்களில் என் சம்பளத்தில் கணிசமான பங்கு சாக்கெட் செட்டுக்கும் டார்க் ரெஞ்சுக்கும் போயிற்று.

குளிரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரிலிருந்து போனவனுக்கு மைனஸ் முப்பது என்பது வெறும் எண்ணாகத்தான் தெரியும், அதில் நின்று ஒரு போல்ட்டைத் தொடும் வரை. இரும்பு விரலைச் சுடும். என்ஜின் ஆயில் கெட்டியாகிவிடும்; பேட்டரியின் பலம் பாதிக்கு வந்துவிடும்; செல்ஃப் முனகும். அதனால்தான் வண்டிகளின் முன்பக்கத்தில் ஒரு மின்சாரப் பிளக் தொங்குகிறது. இரவில் அதைச் சுவரில் சொருகிவிட்டால் என்ஜின் பிளாக்குக்குள் இருக்கும் ஹீட்டர் கூலன்டைச் சூடாக வைத்திருக்கும். அங்கே கார் நிறுத்துமிடங்களிலும் அதற்கு மின் இணைப்பு வைத்திருக்கிறார்கள். போன புதிதில் இதைப் பார்த்துவிட்டு எல்லாம் மின்சார வண்டியோ என்று என் மனைவி கேட்டாள்.

குளிரில்தான் பழுதுகள் தங்கள் உண்மையைச் சொல்கின்றன. ஒரு விவசாயி தன் வண்டியைக் கொண்டுவந்தார். காலையில் ஸ்டார்ட் செய்தால் டக் டக் என்று சத்தம். வேறு ஓர் இடத்தில், வால்வைத் திறக்க உந்தித் தரும் லிஃப்டர் போய்விட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். நான் ஓட்டிப் பார்த்தபோது சத்தமே இல்லை. வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள், இரவு முழுக்க வெளியே நிற்கட்டும், நான் வரும்வரை யாரும் சாவியைத் தொடக் கூடாது என்று ஆலோசகரிடம் சொன்னேன். மறுநாள் இருட்டோடு போய்ப் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். சத்தம் தெளிவாக வந்தது, வலப் பக்கத்தின் கடைக்கோடியிலிருந்து. நான்கைந்து நிமிடத்தில் மெல்லத் தேய்ந்து நின்றுவிட்டது.

அந்தத் தேய்தல்தான் துப்பு. கெட்டுப்போன லிஃப்டர் என்ஜின் சூடானதால் மட்டும் அவ்வளவு சீக்கிரம் அடங்கிவிடுவதில்லை. ஆயில் இளகியதும் சத்தம் கூடுவதும் உண்டு. சூடானதும் அடங்கும் சத்தம் என்றால் உலோகம் சூட்டில் விரிந்து எங்கோ ஓர் இடைவெளியை மூடுகிறது என்று பொருள். என்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. அது உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். இரண்டும் சூட்டில் வெவ்வேறு அளவுக்கு நீளும். வருடக்கணக்கில் நீண்டு சுருங்கி, கடைசியில் இருக்கும் போல்ட்டின் தலையை அறுத்துவிடும். டார்ச் அடித்துப் பார்த்தேன். மேனிஃபோல்டின் பின் மூலையில் கரி படிந்த ஒரு கோடு. அதன் அருகே போல்ட் தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துளை. படம் எடுத்துத் தாளோடு இணைத்தேன்.

இனிமேல்தான் வேலூரில் கற்றதற்கு வேலை. தலை அறுந்த போல்ட்டின் மிச்சம் ஹெட்டுக்குள் மட்டமாக உட்கார்ந்திருந்தது. பிடிக்க ஒரு நூல்கூட வெளியே இல்லை. துளை போட்டு எடுக்கலாம் என்றான் உடன் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரன். துரப்பணம் சற்றுச் சறுக்கினாலும் அலுமினியம் மரை போய்விடும். நான் வெல்டிங் செட்டை இழுத்து வந்தேன். உடைந்த போல்ட்டின் மேல் ஒரு வாஷரை வைத்து நடுவில் பற்றவைத்து, அதன்மேல் ஒரு நட்டை வைத்து மறுபடி பற்றவைத்தேன். எஃகு எஃகோடு ஒட்டும், அலுமினியத்தோடு ஒட்டாது. அந்தச் சூடே மரையில் பிடித்திருக்கும் துருவை விடுவித்துவிடும். சிவப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, ஸ்பேனரைப் போட்டுக் கால் சுற்று பின்னால், அரைக்கால் சுற்று முன்னால் என்று ஆட்டி ஆட்டி எடுத்தேன். முழுதாக வந்துவிட்டது. பாயின் பட்டறையில் பழைய லாரி ஹெட்டுகளில் இதைச் செய்யாத மாதம் இல்லை. அந்த விவசாயிக்கு என்ஜினைப் பிரிக்கும் செலவு மிச்சமாயிற்று.

உண்மையிலேயே லிஃப்டர் போன வண்டிகளும் வருகின்றன, அதுவும் நிறையவே. பெட்ரோலை மிச்சம் பிடிக்க, லேசான ஓட்டத்தில் எட்டில் நான்கு சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இப்போது பல பிக்கப் என்ஜின்களில் உண்டு. அந்த நான்கின் லிஃப்டர்களுக்குள்ளும் சிறு பூட்டு ஊசிகள் இருக்கும். கம்ப்யூட்டர் ஆயில் அழுத்தத்தை அனுப்பினால் ஊசி உள்ளே போகும், லிஃப்டர் தனக்குள்ளேயே அமுங்கும், வால்வு திறக்காது. ஊசி திரும்பி வராமல் சிக்கிக்கொண்டால் அந்த சிலிண்டர் செத்த சிலிண்டர்தான். வண்டி மிஸ்ஸிங் அடிக்கும்; எந்த சிலிண்டர் என்பதை ஸ்கேனர் சொல்லிவிடும். ஏன் என்பதைச் சொல்லாது. தீப்பொறி தரும் காயிலையும் ஸ்பார்க் பிளக்கையும் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் பார்ப்பேன். பழுது அவற்றோடு இடம் மாறவில்லை என்றால் சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரெஷன்) எவ்வளவு என்று பார்ப்பேன். பிறகு வால்வு கவரைக் கழற்றி என்ஜினைச் சுற்றவிடுவேன். வால்வுகளை அமுக்கித் திறக்கும் ராக்கர்கள் வரிசையாக ஏறி இறங்கும். ஒன்று மட்டும் அசையாமல் நிற்கும். அதைப் பார்த்த பிறகு வாதத்துக்கு இடமில்லை. ஹெட்டைக் கழற்றாமல் அந்த லிஃப்டரை எடுக்க முடியாது. கழற்றினால் லிஃப்டர்களைத் தள்ளும் கேம்ஷாஃப்ட்டையும் விரலால் தடவிப் பார்த்தே ஆக வேண்டும். ஆயிலைத் தள்ளிப்போட்டு மாற்றுகிறவர்களின் வண்டியில் இந்தப் பழுதை அதிகம் பார்க்கிறேன்.

வீட்டு வாழ்க்கையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. டிசம்பரில் வேலை முடிந்து வெளியே வந்தால் இருட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்பூர்க்காரர் ஒருவர் வீட்டில் சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் கிடைக்கும். அங்கே பேச்சு முழுக்க ஊர் வெயிலைப் பற்றித்தான்.

இந்த விடுமுறையில் பட்டறைக்குப் போனபோது பாயின் மகன் ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்திருந்தான். வாங்காமல் முடியாது, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் ஏகப்பட்ட சென்சார்கள். வி.கோட்டாவிலிருந்து வேலூர் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றி வரும் ஒரு பிக்கப் நின்றிருந்தது. பேர்ணாம்பட்டு தாண்டி மலைப்பாதையில் காலி வண்டியே ஏறத் திணறுகிறதாம். என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் காற்றழுத்தம் போதவில்லை என்று ஸ்கேனரில் கோடு. டர்போவையே மாற்ற வேண்டும் என்று எங்கோ சொல்லிவிட்டார்கள். அந்தத் தொகையைக் கேட்டு ஓட்டுநர் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

காற்று உருவாகவில்லையா, உருவான காற்று வழியில் போகிறதா என்று முதலில் பார்க்கலாம் என்றேன். டர்போவுக்குள் காற்று நுழையும் வாயை ஒரு மூடியால் அடைத்து, அதில் டியூப் வால்வு ஒன்றைப் பொருத்தி, டயருக்குப் பிடிப்பதில் பாதிக்கும் குறைவான அழுத்தத்தில் காற்றை விட்டோம். பையன்கள் சோப்பு நுரையை ஹோஸ்கள் மேல் தடவினார்கள். டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் அடிப்பக்கம், கிளாம்புக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பிலிருந்து குமிழ் குமிழாக வந்தது. ஹோஸை மாற்றிவிட்டு ஓட்டிப் பார்த்து, ஸ்கேனரில் அழுத்தம் எவ்வளவு காட்டுகிறது என்பதை முன், பின் என்று இரண்டு வரியாக எழுதச் சொன்னேன். அந்தத் தாளைப் பாய் ஓட்டுநரிடமே கொடுத்தார். அவர் அதை மடித்து ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

வெளிநாடு போக நினைக்கும் பையன்கள் இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆல்பர்ட்டாவில் சான்றிதழ் பெற்றவரோ தொழில் பழகுபவராகப் பதிவு செய்தவரோதான் இந்த வேலையைச் செய்ய முடியும். பயிற்சி நான்கு ஆண்டு. கனடா முழுக்கச் செல்லும் ரெட் சீல் தேர்வில் நூற்றுக்கு எழுபது எடுக்க வேண்டும். ஊரில் செய்த வேலையைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றால் அதை எழுத்தில் காட்ட வேண்டும். சம்பளச் சீட்டே இல்லாத நம் பட்டறைகளில் எத்தனை நல்ல கைகளின் அனுபவம் ஒரு கடிதம் இல்லாததால் பூஜ்யமாகிறது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. ஆகவே ஒவ்வொருவனும் ஒரு நோட்டு போட வேண்டும்: தேதி, வண்டி, குறை, செய்த சோதனை, கண்ட காரணம், செய்த வேலை, ஆன நேரம். மாதம் ஒருமுறை முதலாளியின் கையெழுத்தும் பட்டறை முத்திரையும். பாய் சம்மதித்துவிட்டார். முத்திரை செய்ய லாங் பஜாரில் கொடுத்திருக்கிறார்.