அறளை ஒரே இரவில் வராது

வாட்டில் வயதானவர் ஒருவர் மாறாகக் கதைக்கத் தொடங்கினால், "ஆச்சிக்கு அறளை பேந்திட்டுது" என்றுதான் முதலில் சொல்வார்கள். சிலவேளை நாங்களும் அதை ஏற்றுக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம். ஆனால் அறளை, அதாவது முதுமையில் வரும் மறதி நோய் (டிமென்ஷியா), பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. திங்கட்கிழமை பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் புதன்கிழமை மகளையே அடையாளம் காணவில்லை என்றால் அது பெரும்பாலும் டிலீரியம், அதாவது திடீரென்று வரும் மூளைக் குழப்பம். உடம்பில் எங்கோ ஏதோ பிழைத்திருக்கிறது. அதைத் தேட வேண்டும்.

என் அம்மம்மா விஷயத்தில் நான் தேடவில்லை. 81 வயதில் பருத்தித்துறை வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது. மூன்றாம் நாள் போனபோது கண்ணை மூடியபடி கிடந்தார். கூப்பிட்டால் "ம்" என்பார், திரும்பவும் கண் சொருகிவிடும். ஊட்டிய சோறு மெல்லாமல் வாயிலேயே இருந்தது. "ஒரு கரைச்சலும் தாறதில்லை, நல்ல ஆச்சி" என்றார் வாட்டு மிஸ்ஸி (தாதி). களைப்பு என்று நினைத்தேன். அப்போது நான் டாக்டராகி ஆறு வருடம்.

பின்னேரம் பக்கத்து வீட்டு மாமி வந்தார். ஐந்து நிமிடம் இருந்துவிட்டு, "பிள்ளை, இது உங்கட அம்மம்மா இல்லை. கோயில் கொடியேறினதைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை கேட்கேல்லை" என்றார்.

அப்புறம்தான் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். சிறுநீர்ப்பை தொப்புள்வரை முட்டியிருந்தது. ஐந்து நாளாக வயிற்றாலும் போகவில்லை. நரம்பு வலிக்கு இரவில் அமிட்ரிப்டிலின் கொடுத்திருக்கிறார்கள். சிறுநீரையும் மலத்தையும் அடைத்து, முதிய மூளையையும் குழப்பக்கூடிய குளிசை அது. அதை நிறுத்தி, சிறுநீரை எடுத்து, மலச்சிக்கலைத் தீர்த்து, வீட்டு அலுமாரியில் கிடந்த கண்ணாடியைக் கொண்டுவந்து போட்டோம். முழுதாகத் தெளிய ஒன்பது நாள் எடுத்தது.

டிலீரியத்தில் சேலைன் ஊசியைப் பிடுங்குகிற ஆளை எல்லோரும் கவனிப்பார்கள். பேசாமல் கிடப்பவர்தான் கண்ணில் படாமல் போகிறார். அதனால் புதிதாக வரும் இன்டேர்ன்களுக்கு (பயிற்சி டாக்டர்களுக்கு) முதல் கிழமையே 4ஏடி (4AT) என்ற டிலீரியம் சோதனையைச் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு நிமிட வேலை. விழிப்பு எப்படி என்று பார்ப்பது. வயது, பிறந்த திகதி, இடம், வருடம் கேட்பது. மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வது. திடீர் மாற்றமா, ஏறி இறங்குகிறதா என்று விசாரிப்பது. 4 புள்ளி வந்தால் டிலீரியம் என்று சந்தேகிக்க வேண்டும். திடீர் மாற்றம் என்ற ஒன்றுக்கே 4 கிடைக்கிறது, அதற்கான விடை கட்டிலருகே நிற்கும் மகளிடமோ மாமியிடமோதான் இருக்கிறது. நோயாளியைவிட முதலில் அவர்களைக் கேளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு இதைக் கொஞ்சம் பார்த்துக் கேட்க வேண்டும். டிசெம்பர், நவம்பர் என்று கேட்டால் பல ஆச்சிமார் திகைப்பார்கள். மார்கழி, கார்த்திகை என்று தொடங்கிக் கொடுத்தால் கடகடவென்று வரும். பிறந்த நட்சத்திரம் தெரியும், திகதி தெரியாது என்பவர்களும் உண்டு. அதை மூளைக் குழப்பமாக எண்ணிவிடக் கூடாது.

இன்னொன்று, இரவில் சத்தம் போடுகிறார் என்று டயசெபாம் என்ற தூக்க மருந்தைப் போடாதீர்கள். குடியை நிறுத்தியதால் வந்த நடுக்கம் போன்ற சில நிலைகளைத் தவிர, அது குழப்பத்தைக் கூட்டும். கையைக் கட்டுவதும் அப்படித்தான். வீட்டு ஆள் ஒருவரைப் பக்கத்தில் இருக்க விடுங்கள், பார்வை நேரம் முடிந்திருந்தாலும்.

போன கிழமை இரவு இரண்டு மணிக்கு இன்டேர்ன் தங்கச்சி அழைத்தாள். "அக்கா, 14ஆம் கட்டில் ஐயா ஐப்பசியோட நிண்டிட்டார். நேற்று நல்லாக் கதைச்சவர் எண்டு மகள் சொல்றா. புதுசா பிரஷர் குளிசை ஒண்டு தொடங்கியிருக்கு. சோடியம் அனுப்பட்டே?"

அனுப்பச் சொன்னேன். 116 என்று வந்தது, ஆபத்தான அளவுக்குக் குறைவு. சில பிரஷர் குளிசைகள் சோடியத்தை அப்படி இறக்கிவிடும். மகளை வீட்டுக்கு அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டு, நானும் எழும்பிப் போனேன்.