நல்லர்போரில் எண்பது லிட்டர்

செடூனாவிலிருந்து மேற்கே கிளம்புகிறவர்களுக்கு அந்த ஊரில் எல்லோரும் ஒரே புத்திமதியைத்தான் சொல்கிறார்கள்: தண்ணீர்த் தொட்டியை இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், இனி நார்ஸ்மன் வரைக்கும் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் செடூனாவுக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் நார்ஸ்மனுக்கும் நடுவே ஏர் நெடுஞ்சாலையில் சுமார் 1,200 கிலோமீட்டர். பெயரில்தான் ஏர் இருக்கிறது. பெனோங் என்ற சிற்றூரையும் அதன் காற்றாலைகளையும் கடந்த சிறிது தூரத்திலேயே கோதுமை வயல்கள் முடிந்துபோய், உழுவதற்கு எதுவும் இல்லாத சுண்ணாம்புப் பாறைச் சமவெளி தொடங்கிவிடுகிறது. அதுதான் நல்லர்போர்.

ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில் அடிலெய்டிலிருந்து நாங்கள் நால்வர் கிளம்பினோம்: நான், மனைவி, பன்னிரண்டு வயது மகள், கமுதியிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்த அம்மா. பழையதாக வாங்கிய எங்கள் கேரவன் 18 அடி நீளம். அதன் அடியில் அச்சுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக 80 லிட்டர் தொட்டிகள் இரண்டு. அவை போக, குடிப்பதற்கென்று தனியாக 20 லிட்டர் கேன் ஒன்றை எடுத்துக்கொண்டோம். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால், தொட்டிகளை நிரப்பிய கணத்திலேயே வண்டியின் எடை 160 கிலோ கூடிவிடுகிறது. டீசல் செலவை நினைத்து ஒரு தொட்டியை மட்டும் நிரப்பலாமா என்று செடூனாவில் ஐந்து நிமிடம் யோசித்தேன். அம்மாதான் விடவில்லை. கோடையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்திருந்தவர் அவர். தண்ணீர் இருக்கும் இடத்தில் பாத்திரத்தைக் காலியாக வைத்துக்கொண்டு கிளம்புவது அவருக்குப் புரியாத காரியம்.

நல்லர்போர் என்றால் லத்தீனில் மரமில்லாதது என்று பொருள். சுமார் இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தச் சமவெளியின் தெற்கு விளிம்பை ஒட்டியே நெடுஞ்சாலை போவதால், வழியெங்கும் குட்டையான யூகலிப்டஸ் மரங்களும் சாம்பல் நிறப் புதர்களும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. எரிபொருளும் சாப்பாடும் கிடைக்கும் சாலையோர விடுதியான நல்லர்போர் ரோட்ஹவுஸை ஒட்டிய கொஞ்ச தூரம் மட்டும் உண்மையிலேயே மரமற்ற வெட்டவெளி. "மரமே இல்லைன்னு பேர் வச்சவன் இந்தப் பக்கம் வரலை போலிருக்கு" என்று அம்மா அதுவரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். வெட்டவெளி வந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

அந்த ரோட்ஹவுஸுக்குச் சற்று முன்பே இடப்பக்கம் பிரியும் தார்ச்சாலை ஹெட் ஆஃப் பைட் என்ற கடலோர மேட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறது. மே முதல் அக்டோபர் வரை, அண்டார்டிக் பக்கத்திலிருந்து வரும் சதர்ன் ரைட் வகைத் திமிங்கிலங்கள் இங்கே குட்டி ஈன்று பால் கொடுக்கின்றன. மரப்பலகை நடைபாதையில் நின்று குனிந்தால், நேர் கீழே தாயும் குட்டியும் மிதக்கின்றன. தாயின் தலையில் வெள்ளைத் திட்டுகள் சிப்பி ஒட்டிய பாறைபோல் தெரிகின்றன. குட்டி அதன் முதுகின் மேல் ஏறி உருண்டு மறுபக்கம் விழுகிறது. மெதுவாக நீந்துவதாலும் கொன்ற பிறகு மிதப்பதாலும் வேட்டைக்கு 'ஏற்ற' (ரைட்) திமிங்கிலம் என்று வேட்டைக்காரர்கள் வைத்த பெயரே இன்றும் நிலைத்துவிட்டது. இந்தக் கரைக்கு உரிய மிர்னிங் மக்களுக்கோ திமிங்கிலம் முன்னோர் கதைகளில் வரும் பெரிய உயிர். அங்கே இரண்டு மணி நேரம் நின்றிருந்தோம். அதனால் நாங்கள் தங்குமிடம் சேர இருட்டத் தொடங்கிவிட்டது. கங்காருவும் வாம்பாட்டும் சாலைக்கு வரும் நேரம் அது. அந்த வேளையில் கேரவனை இழுத்துக்கொண்டு ஓட்டக் கூடாது என்று தெரிந்தே செய்த தவறு.

அன்றிரவு பண்டா செங்குத்துப் பாறைகளுக்கு அருகே, தார்ச்சாலையை விட்டுச் சரளைப் பாதையில் இறங்கி நிறுத்தினோம். கண்டம் அங்கே கத்தியால் வெட்டியதுபோல் முடிந்து, கடலுக்குள் நேராக இறங்குகிறது. காலையில் காபிக்காகக் குழாயைத் திறந்தபோது பம்பு உறுமியது, தண்ணீர் வரவில்லை. கீழே படுத்துப் பார்த்தேன். முன்தொட்டியின் அடியில் இருந்த வடிகால் குழாய்த்திருகு பாதியில் முறிந்திருந்தது. இருட்டில் சரளையில் இறங்கியபோது சக்கரம் தெறித்த கல் வேலையைக் காட்டியிருக்கிறது. எண்பது லிட்டர் கொட்டிய இடத்தில் ஒரு சின்னக் குட்டையாவது இருக்க வேண்டும் என்று தேடினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருந்தது, அவ்வளவுதான். பெய்யும் மழையை எல்லாம் இந்தச் சுண்ணாம்புப் பாறை இப்படியே உறிஞ்சி அடியில் உள்ள குகைகளுக்கு அனுப்பிவிடுவதால்தான் சமவெளி முழுவதிலும் ஓர் ஆறுகூடக் கிடையாது. தோண்டினால் வரும் நிலத்தடி நீரும் பெரும்பாலும் உப்பு. புத்தகத்தில் படித்திருந்ததை என் செலவிலேயே பார்த்துவிட்டேன்.

பின்தொட்டி தப்பியதற்குக் காரணம் மனைவி. இரண்டு தொட்டிகளையும் இணைக்கும் குழாயில் ஒரு வால்வு உண்டு. அது திறந்திருந்தால் முறிந்த ஓட்டை வழியாக இரண்டுமே காலியாகியிருக்கும். அதைச் செடூனாவிலேயே மூடி வைத்தவர் அவர்தான். இரட்டைத் தொட்டி வைத்திருப்பவர்கள் நிரப்பி முடித்ததும் இந்த வால்வை மூடிவிட்டு, ஒன்று தீர்ந்த பிறகு மற்றதைத் திறப்பது நல்லது. பக்கத்தில் முகாமிட்டிருந்த ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் மரத்துண்டு ஒன்றைச் சீவி, சைக்கிள் ட்யூப் ரப்பரைச் சுற்றி, முறிந்த குழாய்க்குள் அடித்து இறுக்கிக் கொடுத்தார். நிரப்புவதற்குத் தண்ணீரே இல்லாத தொட்டியை எதற்கு அடைக்கிறார் என்று மகள் கேட்டாள். புழுதி உள்ளே போகாமல் இருக்க என்று பதில் சொன்னேன், கேள்வி நியாயமானதுதான்.

சிக்கல் தண்ணீரோடு நிற்கவில்லை. கேரவனின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும்; அது குறைந்தால் கேரவனின் வால் ஆடத் தொடங்கும். அச்சுக்கு முன்னால் இருந்த 80 கிலோ போய்விட்டது, பின்னால் இருந்த 80 கிலோ அப்படியே இருந்தது. முதல் ரோட் ட்ரெய்ன் எதிரே வந்தபோது அது தெரிந்தது. இரண்டு ட்ரெய்லர்களை இழுத்துக்கொண்டு முப்பத்தாறு மீட்டர் நீளத்தில் வரும் அந்த லாரிகள், நெருங்கும்போது காற்றால் நம்மைத் தள்ளிவிட்டு, கடந்ததும் உள்ளே இழுக்கின்றன. கேரவன் இடமும் வலமுமாக மூன்று முறை வீசியது. அந்த நேரத்தில் காரின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டாஷ்போர்டில் உள்ள கட்டுப்பாட்டுப் பொத்தானால் கேரவனின் பிரேக்கை மட்டும் கையால் கொடுக்க வேண்டும். கொடுத்தேன், அடங்கியது. அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி, பின்பக்க அலமாரியிலிருந்த பத்துக் கிலோ அரிசிப் பை, குக்கர், கருவிப்பெட்டி, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் முன்பக்கத்துக்கு மாற்றினோம். அரிசிப் பையை மகளே சுமந்தாள். அதன்பிறகு 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. வானொலிக் கருவியில் லாரிக்காரர்கள் பேசும் 40-ஆம் சேனலைத் திறந்து வைத்துக்கொண்டு, பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டபடியே போனோம்.

கையில் மிச்சம் இருந்தது பின்தொட்டியின் 80 லிட்டரும் கேனில் பதினைந்தும். நால்வருக்கு மூன்று நாள் வர வேண்டும். இதில் தலைமை தானாகவே அம்மாவிடம் போயிற்று. அரிசி களைந்த கழுநீரில் தட்டுகள் முதல் அலசு பெற்றன. அதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் காகிதத்தால் துடைத்துத் தர வேண்டும். கை கழுவுவதற்கு ஒரு சொம்பு, அதைச் சாய்த்து ஊற்றுவதற்கு இன்னொருவர். குளியல் என்பது காசு போட்டால் சில நிமிடம் வெந்நீர் வரும் ரோட்ஹவுஸ் குளியலறைகளில் மட்டும். அங்கேகூடத் தண்ணீர், உப்பு நீக்கியோ லாரியில் கொண்டுவந்தோ சேர்ப்பதாக இருப்பதால், கேரவன் தொட்டியை நிரப்பக் கேட்பதே அநாகரிகம். நாங்கள் கேட்கவில்லை, பாட்டில்களை வாங்கிக்கொண்டோம்.

1841-இல் இந்தக் கரையோரமாக மேற்கே நடந்த எட்வர்ட் ஜான் ஏர், பயணத்தின் ஒரு கட்டத்தில் இலைகளில் படிந்த பனித்துளிகளைப் பஞ்சால் ஒற்றிப் பிழிந்து குடித்தார். வழியில் அவருடைய மேற்பார்வையாளர் கொல்லப்பட்ட பிறகு, கடைசிவரை உடன் நடந்தவர் வைலி என்ற பழங்குடி இளைஞர் மட்டும்தான். எந்த மணல்மேட்டில் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும், எந்த மரத்தின் வேரை வெட்டினால் நீர் சொட்டும் என்பதெல்லாம் இந்த மண்ணின் மக்களிடமிருந்து அவருக்குக் கிடைத்த அறிவு. சாலைக்கு ஏரின் பெயர் வைத்தார்கள்.

மாநில எல்லையில் தாவர நோய்த் தடுப்புச் சோதனைச் சாவடி இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் காய், கனி, தேன் எதையும் கொண்டுபோக முடியாது என்பதால், முந்தின இரவே காய்கள் அத்தனையையும் ஒரே சாம்பாரில் போட்டுவிட்டார் அம்மா. ஆனால் சின்ன வெங்காயமும் உருளைக்கிழங்கும் அரைப்பாட்டில் தேனும் மறந்துபோய் மிச்சம் இருந்தன. ஒரு பை கறிவேப்பிலையும் போயிற்று. அம்மாவுக்கு அதில்தான் வருத்தம். இலையில் என்ன கெடுதல் என்று கேட்டார். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி என்பதும், எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் பூச்சிகள் இதிலும் தங்கும் என்பதும் எனக்கும் அன்றுதான் உறைத்தது.

எல்லை தாண்டியதும் கடிகாரத்தை 45 நிமிடம் பின்னால் தள்ள வேண்டும். அங்கிருந்து கைகுனா வரைக்கும் சில ரோட்ஹவுஸ்கள் மட்டும் கடைப்பிடிக்கும் தனி நேரம் இது. பெர்த் நேரத்துக்குப் போக இன்னொரு 45 நிமிடம் தள்ள வேண்டும். கமுதியிலுள்ள சித்தியோடு பேசுவதற்காக அம்மா கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே வைத்திருந்தார்; அதற்கும் எல்லையை அடுத்த யூக்லா என்ற ஊரின் இந்தத் தனி நேரத்துக்கும் மூன்றேகால் மணி வித்தியாசம். யூக்லாவில் 1877-இல் திறந்த தந்தி நிலையம் கூரை இழந்து, மணலில் பாதி புதைந்து நிற்கிறது. முயல்கள் பெருகிப் புல்பூண்டை எல்லாம் தின்றதால் மணல்மேடுகள் நகரத் தொடங்கி ஊரையே மூடிவிட்டன. அந்த நாளில் தனித்தனிக் காலனிகளாக இருந்த தெற்கு ஆஸ்திரேலியாவும் மேற்கு ஆஸ்திரேலியாவும் வெவ்வேறு மோர்ஸ் குறிகளைப் பயன்படுத்தியதால், ஒருபக்கத்து ஊழியர் வாங்கிய தந்தியைத் தாளில் எழுதி மறுபக்கத்தவரிடம் கையால் நீட்ட வேண்டியிருந்ததாம்.

மதுரா கணவாயில் ஏறிய பிறகு எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. நூறு கிலோமீட்டருக்கு 18 லிட்டர் குடித்துவந்த கார் 23 லிட்டர் கேட்டது. கைகுனாவிலிருந்து 146.6 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வளைவுகூட இல்லை. வழியில் ஓரிடத்தில் சாலை அகலமாகி, வெள்ளைக் கோடுகள் குறுக்கே வருகின்றன: பறக்கும் மருத்துவர்களின் விமானம் அவசரத்துக்கு இறங்கும் ஓடுபாதை அதுதான். பலடோனியாவில் 1979-இல் விழுந்த ஸ்கைலாப் விண்கலத்தின் துண்டுகளை வைத்திருக்கிறார்கள். குப்பை போட்டதற்காக எஸ்பரன்ஸ் நகராட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்ட கதை மகளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

நார்ஸ்மன் சேர்ந்தபோது பின்தொட்டியில் பதினோரு லிட்டர் மிச்சம் இருந்தது. புதுப் பித்தளைத் திருகு ஒன்றை வாங்கி மாட்டி, அதன் முன்னால் அலுமினியத் தகடு ஒன்றைக் கல் தடுப்பாகத் திருகினேன். கேரவன் பூங்காவின் குழாயில் ரப்பர்க் குழாயைச் செருகும்போது, இந்தப் பாலைவனத்தில் இவர்களுக்கு மட்டும் தண்ணீர் ஏது என்று அம்மா கேட்டார். பெர்த்துக்கு அருகே உள்ள முண்டாரிங் அணையிலிருந்து கல்கூர்லி வரைக்கும் 530 கிலோமீட்டருக்கு 1903-இலேயே குழாய் போட்டிருக்கிறார்கள், அதே நீர்தான் அங்கிருந்து தெற்கே திரும்பி இங்கேயும் வருகிறது என்றேன்.

"திருச்சியிலிருந்து நம்ம ராமநாதபுரத்துக்குக் காவேரி வர்ற மாதிரி" என்றார் அம்மா. பிறகு குழாயில் ஒரு கை பிடித்துக் குடித்துப் பார்த்துவிட்டு, சோறு வடிக்க ஆகும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். முன்தொட்டி நிரம்ப ஏழு நிமிடம் ஆயிற்று.