ஏற்றத்தில் மட்டும் எழுந்த கிறீச் ஒலி: பெடல் முதல் பின்சக்கரம் வரை ஒரு தேடல்

என்னுடைய மிதிவண்டி எஃகு ஃபிரேமும், முன்னால் மூன்று, பின்னால் எட்டுப் பல்சக்கரங்களும் கொண்ட ஹைப்ரிட் வகையைச் சேர்ந்தது. சேலத்தின் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில், 20 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் சிலவற்றைக் கடப்பதற்குள்ளாகவே, வலது காலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் கிறீச் என்ற ஒலி எழத் தொடங்கியது. சமதளத்தில் அது வருவதில்லை. இறக்கத்தில் மிதிக்காமல் உருளும்போதும் வருவதில்லை. மிதிக்கும் தாளத்தோடு ஒட்டி, காலுக்கு நேர் கீழிருந்து வருவதுபோல் கேட்டதால், கடையில் காட்டியபோது பாட்டம் பிராக்கெட்டை, அதாவது பெடல்களின் நடு அச்சு சுழலும் பேரிங் தொகுதியை, மாற்றிவிடலாம் என்றார்கள். இத்தகைய ஒலிக்கு முதலில் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் அதுதான். ஆனால் எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன்பு, ஒலி எந்த நிலையில் எழுகிறது, எந்த நிலையில் அடங்குகிறது என்பதை ஒழுங்காகப் பிரித்து அறிய விரும்பினேன்.

காது சொல்லும் இடத்தை மிதிவண்டியில் நம்ப முடியாது. இறுகப் பொருந்தியிருக்க வேண்டிய இரண்டு உலோகப் பரப்புகள், சுமை ஏறும்போது சற்று ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பிறகு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வழுக்கி, மீண்டும் ஒட்டுவதால் இந்த ஒலி பிறக்கிறது. வயலின் தந்தியில் வில் உராயும்போது நிகழ்வதும் இதே செயல்தான். ஃபிரேமின் குழாய்கள் உள்ளீடற்றவை என்பதால் அந்த அதிர்வைக் கடத்திப் பெருக்கி வேறோரிடத்தில் ஒலிக்கச் செய்கின்றன. ஆகவே இடத்தைத் தேடாமல், தாளத்தையும் சுமையையும் வைத்துத் தேடுவது என்று முடிவு செய்தேன்.

முதல் ஐயம் தாளத்தைப் பற்றியது. ஏற்றத்தில் நான் பயன்படுத்துவது முன்னால் 28 பல், பின்னால் 28 பல். இந்த அமைப்பில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரமும் சரியாக ஒரு சுற்றே சுற்றும். எனவே சக்கரத்தில் ஓரிடத்தில் தளர்ந்த ஒரு கம்பி ஒலி எழுப்பினாலும், அது பெடலின் தாளத்தில் வருவதாகவே தோன்றும். பின்னால் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றி ஏறிப் பார்த்தபோது சக்கரம் வேகமாகச் சுற்றியது, ஒலியோ வலது காலின் தாளத்தைவிட்டு விலகவில்லை. சக்கரக் கம்பிகளும் ரிம்மும் இவ்வாறு பட்டியலிலிருந்து நீங்கின. செயினையும் கணக்கின் துணையோடு விலக்கலாம். என் செயினில் 114 கண்ணிகள் உள்ளன. முன்னால் 38 பல் சக்கரத்தில் ஓட்டினால், ஒரே கண்ணி மீண்டும் அதே இடத்துக்கு வர மூன்று முழுச் சுற்றுகள் ஆகும். இறுகிப்போன கண்ணி ஒன்று இருந்தால், ஒலி மூன்று சுற்றுக்கு ஒருமுறை வந்திருக்க வேண்டும்.

அடுத்து, சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தேன். ஒலி நிற்கவில்லை என்பதோடு சற்று ஓங்கவும் செய்தது. இதனால் சீட், அதன் அடிக்கம்பிகள், சீட் போஸ்ட் ஆகியவை விடுபட்டன. ஆயினும் சீட் போஸ்ட்டைக் கழற்றித் துடைத்து, மெல்லிய கிரீஸ் பூசிப் பொருத்தினேன். எஃகுக் குழாய்க்குள் அலுமினியப் போஸ்ட் நெடுநாள் அசையாமலிருந்தால் அரிமானத்தால் இறுகிக் கழற்றவே முடியாமல் போய்விடும் என்பதால், இந்த வேலையை எவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்வது நல்லது.

பெடல்களையும், அவற்றை நடு அச்சோடு இணைக்கும் கைகளான கிராங்க்குகளையும் அடுத்து எடுத்துக்கொண்டேன். இடப்பக்கப் பெடலுக்கு இடது மரை இருப்பதால், அதை வழக்கமான திசைக்கு எதிராகத் திருப்பிக் கழற்ற வேண்டும். இது தெரியாமல் பலம் கொடுத்தால் கிராங்க்கின் அலுமினிய மரை கெட்டுவிடும். இரண்டு பெடல்களின் மரைகளையும் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துக் கிரீஸ் இட்டு முடுக்கினேன். கிராங்க்கின் நடுப்போல்ட்டுகளை இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனர் கொண்டு 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினேன். என்னுடையதைப் போன்ற சதுர முனை அச்சுக்கு 35 முதல் 50 வரை ஏற்கத்தக்கது. இந்த இடத்தில் தளர்வு இருந்து, அதை உணராமல் தொடர்ந்து ஓட்டினால், கிராங்க்கின் சதுரத் துளை சிதைந்து, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. கிறீச் ஒலியைப் பொருட்படுத்தாமல் ஓட்டக் கூடாது என்று நான் எண்ணுவதற்கு முதன்மையான காரணம் இதுவே. இரண்டாவது காரணம் விரிசல். கிராங்க்கின் முனைகளையும், ஃபிரேமின் பற்றவைப்பு இணைப்புகளையும் டார்ச் ஒளியில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெயின்ட்டில் மயிரிழைக் கோடுகூட இல்லை. ஒலியும் மாறவில்லை.

தேடலின் திசையை மாற்றியது அதற்கடுத்து செய்த சோதனைதான். சமதளத்தில் முன்னால் 48 பல் சக்கரத்தில் போட்டு, எழுந்து நின்று, ஏற்றத்தில் அழுத்துவதைப் போலவே முழுப் பலத்தோடு அழுத்தினேன். ஒலி இல்லை. அதே சாலையில் 28 பல்லுக்கு மாற்றி, பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு அதே பலத்தில் மிதித்தபோது ஒலி வந்தது. காலின் அழுத்தம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. மாறியது செயினில் ஏறும் இழுவை. என் கிராங்க்கின் நீளம் 170 மி.மீ. 28 பல் சக்கரத்தின் ஆரம் சுமார் 57 மி.மீ. என்பதால், பெடலில் கொடுக்கும் விசை செயினில் மூன்று மடங்காகிறது. 48 பல் சக்கரத்தின் ஆரம் சுமார் 97 மி.மீ.; அங்கே அது இரண்டு மடங்கைக்கூட எட்டுவதில்லை. ஆக, ஒலியை எழுப்புவது காலின் எடை அன்று, செயினின் இழுவை. பாட்டம் பிராக்கெட் இன்னும் ஐயத்துக்கு உரியதே. ஆனால் அந்த இழுவையின் மறுமுனையான பின்சக்கர அச்சும் இப்போது அதற்குச் சமமான ஐயத்துக்கு உரியதாகிவிட்டது.

இவ்விரண்டில் எது என்பதை வண்டியை நிறுத்திவைத்தே கண்டறிய முடிந்தது. 28 பல் சக்கரத்தில் செயினை வைத்து, இரண்டு பிரேக்குகளையும் அழுத்திப் பிடித்தபடி, வலது பெடலை முன்பக்கம் கிடைமட்டமாக நிறுத்தி, அதன்மேல் விட்டு விட்டு எடையை ஏற்றுமாறு என் தம்பியிடம் சொன்னேன். ஒலி தெளிவாக வந்தது. நான் அருகில் அமர்ந்து இணைப்புகளை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தேன். பாட்டம் பிராக்கெட் கூட்டின்மேல் விரலை வைத்தபோது காதுக்கு ஒலி அங்கிருந்தே வருவதுபோல் இருந்தது, விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. வலப்பக்க டிராப்அவுட்டில், அதாவது பின்னச்சு அமரும் பிளவில், விரல் வைத்ததும் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு சிறு துடிப்பு தெரிந்தது.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, அச்சு நட்டின் முகம் பதியும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து, செம்பழுப்பு நிறத்தில் நுண்ணிய துரு படிந்திருந்தது. இரண்டு எஃகுப் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று இடைவிடாமல் உராய்ந்ததன் தடயம் அது. சக்கரத்தை ஃபிரேமோடு நெம்புகோலால் இறுக்கிப் பிடிக்கும் க்விக் ரிலீஸ், வண்டியோடு வந்தது; அது வெளியே தெரியும் கேம் அமைப்பும் (நெம்புகோலை மடக்கும்போது இறுக்கும் பகுதி) அதனடியில் பிளாஸ்டிக் வாஷரும் கொண்டது. கேம் உள்ளே மூடப்பட்டிருக்கும் வகையோடு ஒப்பிட்டால் இதற்குப் பிடிப்பு குறைவு. வாஷர் தேயத் தேய அது மேலும் குறையும். சமதளத்தின் இழுவைக்கு அந்தப் பிடிப்பு போதும், ஏற்றத்தின் மும்மடங்கு இழுவைக்குப் போதவில்லை.

இரு முகங்களையும் நன்றாகத் துடைத்து, துருவை நீக்கி, மிக மெல்லிய படலமாகக் கிரீஸ் தடவினேன். பின்னச்சு 135 மி.மீ. அகலம் கொண்டதாகையால், அதற்குரிய நீளத்தில், உட்கேம் கொண்ட எஃகு க்விக் ரிலீஸ் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். நெம்புகோல் அச்சுக்கு நேராக வெளிநோக்கி நிற்கும் நிலையிலேயே இறுக்கம் தொடங்க வேண்டும்; முழுதும் மடக்கும்போது உள்ளங்கையில் அதன் தடம் பதிய வேண்டும். அந்த அளவுக்கு நட்டைத் திருத்தி மூடினேன்.

அதன் பிறகு மலைப்பாதையில் ஏறியபோது வலது காலின் கிறீச் ஒலி முற்றிலும் இல்லை. மழை பெய்து காய்ந்த நாள்களிலும் அது திரும்பவில்லை. பாட்டம் பிராக்கெட் இன்றும் பழையதே. அச்சைக் கையால் சுழற்றிப் பார்த்ததில் உராய்வோ ஆட்டமோ இல்லாததால் அதைக் கழற்றவில்லை. அந்த ஒலி அடங்கிய பின்னரே, வளைவுகளில் ஹேண்டில்பாரைத் திருப்பும்போது மெல்லிய 'டிக்' ஒன்று கேட்டது. அது கியர் கேபிளின் உறை ஃபிரேமில் அமரும் முனையிலிருந்து வந்தது; ஒரு துளி எண்ணெய் விட்டதும் நின்றது. எண்ணெய் வற்றியதும் மீண்டும் வருகிறதா என்று பார்த்து, வந்தால் உறையின் நுனியை நேராக வெட்டிப் புதிய முனைமூடி பொருத்துவதாக இருக்கிறேன்.